தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஊர் இசைக்குழுவின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

இசைக்குழு வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பலரும் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்ப் பட்டியலில் தொடங்கி, ஆண்டு விழா மலரில் வந்த வாழ்த்துரைகளோடு முடித்துவிடுகிறார்கள். அது நிர்வாகக் குழுவின் வரலாறு. யார் வாசித்தார்கள், எந்த வாத்தியம், என்ன பாட்டு, எந்த மண்டபம் என்பதெல்லாம் இல்லாவிட்டால் அதை இசைக்குழுவின் வரலாறு என்று சொல்ல முடியாது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே முறையைத்தான் வற்புறுத்துகிறது: முதலில் கச்சேரிப் பட்டியல், பிறகுதான் கதை.

எந்த மாதிரிக் குழு என்று முதலில் தெளிவாகுங்கள். நகராட்சிப் பணத்தில் நடந்த குழுவுக்கும் ஊரார் சேர்ந்து நடத்திய குழுவுக்கும் ஆதாரங்கள் வெவ்வேறு இடத்தில் கிடக்கின்றன. 1910-இல் திறந்த டர்பன் நகர மண்டபத்தில் 1920களிலிருந்து வாசித்த நகராட்சி ஆர்கெஸ்ட்ராவைத் தேடுகிறீர்கள் என்றால், நகர மன்றத் தீர்மானங்களும் மேயரின் ஆண்டறிக்கைகளும் இருக்கின்றன. ஆள் எடுத்தது, சம்பளம் கொடுத்தது, செலவைக் குறைத்தது எல்லாம் அதில் வரும். 1983-இல் தொடங்கிய நேட்டால் பில்ஹார்மோனிக், அதாவது இன்றைய குவாசூலு-நேட்டால் பில்ஹார்மோனிக், சம்பளத்துக்கு வாசிப்பவர்களின் குழு. அதற்கு அலுவலகக் கோப்புகள் இருக்கும்.

பகலில் கார்ப்பரேஷனிலும் சர்க்கரை ஆலையிலும் துணி ஆலையிலும் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒத்திகைக்கு வந்தவர்களின் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. ஆர்மோனியம், வயலின், மாண்டலின், கிளாரினெட், சாக்ஸபோன், டபுள் பாஸ், தபலா, டிரம் என்று கலந்து வாசித்த நம் ஆர்கெஸ்ட்ராக்களானாலும் சரி, ஷூபெர்ட்டும் மொசார்ட்டும் வாசித்த தன்னார்வ சிம்பனி குழுவானாலும் சரி, அவர்களுடைய ஆவணக் காப்பகம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், ரிசர்வாயர் ஹில்ஸ், இசிப்பிங்கோ, டோங்காட் என்று இந்தியர் வாழும் பகுதிகளின் வீட்டுக் கராஜில் இருக்கும் டிரங்குப் பெட்டிதான். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

கச்சேரிப் பட்டியல்

கணினியில் ஓர் அட்டவணை திறந்து ஒரு கச்சேரிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். பத்திகள்: தேதி, தேதி உறுதியா ஊகமா, இடம் (அன்றைய பெயர், இன்றைய பெயர் இரண்டும்), எதற்காக நடந்தது, நடத்தியவர், வாசித்தவர்கள், பாடியவர்கள், வாசித்தவை, ஆதாரம், அந்த ஆதாரத்தின் படம் எந்தக் கோப்பில் இருக்கிறது. திருமணம், கோயில் திருவிழா, நிதி திரட்டும் நிகழ்ச்சி, வானொலிப் பதிவு எதையும் விடாதீர்கள். மேடைக் கச்சேரி மட்டும்தான் கணக்கு என்று நினைத்தால் குழுவின் பாதி வாழ்க்கை விடுபட்டுப்போகும்.

‘உறுதியா ஊகமா’ என்ற பத்திதான் வேலையைக் காப்பாற்றும். ஊகம் ஒருமுறை தேதிப் பத்தியில் ஏறிவிட்டால் ஆறு மாதம் கழித்து அது ஊகம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ‘1957?’ என்று எழுதுவதைவிட ‘1955-1960, டிக்கெட் விலை ஷில்லிங்கில்’ என்று காரணத்தோடு எழுதுவது நல்லது.

பத்திரிகைகளில் வந்த முன்னறிவிப்பை மட்டும் நம்பி ஒரு கச்சேரி நடந்தது என்று எழுதாதீர்கள். மழை, மரணம், மண்டப அனுமதி மறுப்பு என்று எத்தனையோ காரணத்தால் நிகழ்ச்சி தள்ளிப்போயிருக்கும். அடுத்த வார இதழில் விமரிசனமோ படமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘அறிவிக்கப்பட்டது’ என்று மட்டும் குறியுங்கள்.

பத்திரிகைகளில் முக்கியமானவை: 1903-இல் தொடங்கி 1961 வரை வந்த இந்தியன் ஒப்பீனியன், 1908-இல் பி. எஸ். ஐயர் தொடங்கிய தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆப்பிரிக்கன் குரோனிக்கிள், 1940-இல் தொடங்கிய லீடர். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழக வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் தொடங்குங்கள். கில்லி காம்பெல் நூலகம், பழைய நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம், டர்பன் ஆவணக் காப்பகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம் இவையும் உண்டு. போவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் குழுவின் பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்கள் அவை.

வாசித்தவர் தாளும் பாட்டு நோட்டும்

இருப்பதிலேயே மதிப்பு மிக்கதும், பழைய பேப்பர்காரரிடம் முதலில் போய்ச் சேருவதும் இவைதான். மேற்கத்திய இசை வாசித்த குழுவில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் இருக்கும். வாசித்தவர்கள் அதன் ஓரத்திலும் கடைசிப் பக்கத்திலும் பென்சிலால் தேதி, மண்டபம், தங்கள் பெயர், சில சமயம் பகுதிகளின் நேரம்கூடக் குறித்துவைப்பார்கள். அடுத்து அதே தாளை வாங்கியவரும் தன் பெயரை அடியில் எழுதுவார். ஒரு இரண்டாம் வயலின் தாளைப் புரட்டினாலே இருபது வருட வாத்தியக்காரர் வரிசை கிடைத்துவிடும். எனவே தாளின் முகப்பை மட்டும் படமெடுக்காதீர்கள். பின்னட்டை உட்பட எல்லாப் பக்கமும் வேண்டும். பென்சில் குறிப்பை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. மங்கியிருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படமெடுங்கள், பள்ளம் தெரியும்.

அடுத்து, தாளில் இருப்பதை ஆட்களோடு ஒத்துப்பாருங்கள். ஷூபெர்ட்டின் முடிவுறாத சிம்பனிக்குப் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், ஹார்ன், டிரம்பெட் தலா இரண்டு, டிராம்போன் மூன்று, டிம்பனி, தந்தி வாத்தியங்கள் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அந்தப் பெயர் இருக்கிறது, அதே வருடப் படத்தில் ஓபோக்காரரே இல்லை என்றால், அந்த வரியை யார் வாசித்தார்கள் என்ற கேள்வி வரும். கிளாரினெட் தாளைப் பாருங்கள். ஓபோ வரி சிறிய எழுத்தில் கையால் ஏற்றப்பட்டிருக்கலாம். பசூன் வரி செல்லோவுக்கோ சாக்ஸபோனுக்கோ போயிருக்கலாம். ஆள் இல்லாத இடத்தை எப்படி நிரப்பினார்கள் என்பதுதான் ஊர்க் குழுவின் உண்மையான இசை வரலாறு. அதை எழுதாமல் ‘ஷூபெர்ட் வாசித்தார்கள்’ என்று மட்டும் எழுதினால் அவர்களுடைய உழைப்பு பாதி மறைந்துவிடும்.

நம் ஆர்கெஸ்ட்ராக்களில் அச்சுத் தாள் குறைவு. பாட்டு நோட்டுதான் இருக்கும்: பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் பாட்டின் முதல் வரி, ராகம், கட்டை (பாடும் சுருதியின் அளவு), சில இடங்களில் ச ரி க ம. தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிய நோட்டுகளும் வரும். பாடியவருக்குத் தமிழ் பேசத் தெரியும், எழுதத் தெரியாது என்பதற்கு அது சான்று. அப்படியே எழுத்துக்கெழுத்து படியெடுங்கள், திருத்தாதீர்கள்.

கட்டைக் குறிப்பைக் கவனமாகப் பாருங்கள். ஒரே பாட்டுக்கு ‘ஒன்றரை’ என்று எழுதி அடித்துவிட்டு ‘ஐந்தரை’ என்று மாற்றியிருந்தால், ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடத் தொடங்கினார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். மேடையில் பெண் பாடகி எப்போது வந்தார் என்பதை மலர்கள் ஒழுங்காகச் சொல்வதில்லை. நோட்டுகள் சொல்லிவிடும். ஆனாலும் நோட்டு மட்டும் போதாது. அதே காலத்துப் படமோ ஒரு பெரியவரின் வாய்மொழியோ துணைக்கு வேண்டும்.

கணக்குப் புத்தகத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். வயலின் தந்தி எத்தனை செட், ரோசின், கிளாரினெட் ரீட், மண்டப வாடகை, பஸ் வாடகை, ராத்திரிச் சாப்பாடு எத்தனை பேருக்கு? பதினான்கு சாப்பாடு வாங்கிய இரவில் நிரலில் ஒன்பது பெயர்தான் இருக்கிறது என்றால் மீதி ஐந்து பேர் யார் என்று தேட வேண்டும். பெட்டி தூக்கியவரும் ஓட்டுநரும் இருக்கலாம், பெயர் போடாத பெண்களும் இருக்கலாம். இந்தியா 1946-இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்தியது. அதற்குப் பிந்திய கணக்குகளில் ஆர்மோனியமும் தபலாவும் எங்கிருந்து, யார் வழியாக, என்ன விலைக்கு வந்தன என்று தனியாக ஒரு தாளில் எடுத்தெழுதுங்கள்.

தேதி இல்லாத தாளுக்குத் தேதி காண

பெரும்பாலான நிகழ்ச்சி நிரல்களில் ‘சனிக்கிழமை மாலை 7 மணி’ என்று இருக்கும், வருடம் இருக்காது. கீழ்க்கண்டவை உதவும்.

விலை ஷில்லிங்-பென்ஸில் இருந்தால் அநேகமாக 1961 பிப்ரவரி 14-க்கு முந்தியது. அன்றுதான் ராண்ட் வந்தது. ஒரு பவுனுக்கு 2 ராண்ட், ஆகவே 5 ஷில்லிங் டிக்கெட் 50 சென்ட் ஆனது. ‘தென்னாப்பிரிக்க ஒன்றியம்’ என்ற முகவரியோ முத்திரையோ 1961 மே 31-க்கு முந்தியது. நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1973 அக்டோபருக்குப் பிந்தியது. லாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவு எண் கடிதத் தலைப்பில் இருந்தால் 1997-இல் வந்த சட்டத்துக்குப் பிந்தியது.

தெருப் பெயர்கள் பின்னாளில் மாறியவை. கிரே தெரு இன்று டாக்டர் யூசுஃப் டாடூ தெரு, விக்டோரியா தெரு பெர்த்தா மிக்கீசே தெரு, லோர்ன் தெரு இஸ்மாயில் சி. மீர் தெரு. ஆனால் பழைய பெயரைப் பேச்சிலும் அழைப்பிதழிலும் மக்கள் இன்னமும் விடவில்லை. அதனால் புதிய பெயர் இருந்தால் தேதிக்குச் சான்று, பழைய பெயர் இருப்பது சான்றாகாது.

தமிழ் எழுத்து வடிவமும் அப்படித்தான். கொம்பு போட்ட பழைய லை, னை இருப்பதால் மட்டும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈய அச்சு வைத்திருந்த அச்சகம் அதையே பல வருடம் ஓட்டியிருக்கலாம்.

படங்களில் முதலில் பார்க்க வேண்டியது பெரிய டிரம்மின் தோல். குழுவின் பெயரை அதில்தான் எழுதுவார்கள், தொடங்கிய வருடத்தையும் சில குழுக்கள் எழுதும். தோல் கிழிந்து மாற்றும்போது எழுத்தின் வடிவமும் சில சமயம் பெயரும் மாறும். மூன்று நான்கு படங்களில் இருக்கும் தோல்களைப் பெரிதாக்கிப் பக்கம் பக்கமாக வைத்தால் படங்களின் வரிசை தானாகவே கிடைக்கும்.

தொடங்கிய வருடம் பற்றிச் சண்டை வராத குழு கிடையாது. காரணம் எளிது: முதல் ஒத்திகை, முதல் மேடை, சட்டதிட்டம் நிறைவேற்றிய கூட்டம் என்று மூன்று தொடக்கங்கள் உண்டு. ‘25-ஆம் ஆண்டு’ என்பதையும் ‘25 ஆண்டு நிறைவு’ என்பதையும் மலர்க்காரர்கள் குழப்பியதால் இன்னொரு வருடமும் வந்து சேரும். மூன்று தேதிகளையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றக் குடும்பங்களைப் பொய்யராக்க வேண்டியதில்லை.

அனுமதியும் இடப்பெயர்ச்சியும்

எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைச் சொல்லாமல் டர்பன் இசைக்குழு எதன் வரலாற்றையும் விளக்க முடியாது. மகசின் பாரக்ஸில் கார்ப்பரேஷன் தொழிலாளர் குடும்பங்கள் ஒட்டி ஒட்டி வாழ்ந்தபோது ஒத்திகைக்கு நடந்தே வந்தார்கள். 1960களில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது ஒரு குழுவின் ஆட்கள் அங்கே யூனிட் எனப்பட்ட வெவ்வேறு பிரிவுகளுக்குச் சிதறினார்கள். கச்சேரிப் பட்டியலில் அந்த வருடங்களில் இடைவெளி தெரிந்தால் ஆர்வம் குறைந்தது என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு வாத்தியக்காரரின் பழைய முகவரியையும் புதிய முகவரியையும் வரைபடத்தில் புள்ளியிட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அந்தக் காலத்தவர்களிடம் கேளுங்கள். இடைவெளிக்குக் காரணம் அங்கே இருக்கும்.

1965-இல் வந்த ஆர்26 பிரகடனத்துக்குப் பிறகு வெவ்வேறு இனத்தார் ஒரே மண்டபத்தில் வாசிக்கவோ கேட்கவோ அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. விண்ணப்பங்கள் அரசுக் கோப்புகளில் கிடைத்தால் பொன்னாகப் போற்றுங்கள்: தேதி, மண்டபம், எதிர்பார்த்த கூட்டம், சில சமயம் வாசிப்பவர் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தையும் பட்டியலில் ஏற்றுங்கள். நடக்காமல் போன கச்சேரியும் வரலாறுதான்.

பெரியவர்களிடம் பேசும்போது

எண்பது தாண்டியவர்களை முதலில் பாருங்கள். ஆவணக் காப்பகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவுக் கருவியை வாயிலிருந்து 30-40 செ.மீ. தூரத்தில் மடித்த துண்டின்மேல் வையுங்கள், மேசை அதிர்வு ஏறாது. விசிறியையும் ஃபிரிஜ்ஜையும் நிறுத்துங்கள். காலை எழும்பும் நேரமும் மாலை அடங்கும் நேரமும் ஹதீடா பறவைகளின் கத்தல் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும், பத்து மணி வாக்கில் போவது நல்லது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக ஒற்றைத் தடத்தில் எடுத்தால் ஒரு மணிக்கு அரை ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். கரண்ட் போகும் என்று எண்ணி மின்கலத்தோடு போங்கள்.

வெறுங்கையோடு போய் ‘பழைய கதை சொல்லுங்க’ என்றால் மலரில் இருக்கும் கதைதான் திரும்ப வரும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, “தாத்தா, உங்க பக்கத்துல மாண்டலினோட உட்காந்திருக்கிறது யாரு?” என்று கேளுங்கள். “டபுள் பாஸை பஸ்ல ஏத்த விட்டாங்களா, இல்ல யாராவது லாரி கொடுத்தாங்களா?” “அக்கா, நீங்க பாட வரும்போது வீட்டுல யாரு கூட வருவாங்க?” இப்படிக் கைக்குப் பக்கத்தில் இருப்பதைக் கேட்டால் பெயர்கள் வரும். வருடம் கேட்காதீர்கள். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த ஆப்பிரிக்கர்-இந்தியர் கலவரத்துக்கு முன்னா பின்னா, சாட்ஸ்வர்த்துக்குக் குடி வந்த பிறகா, 1976-இல் டின் டவுன் குடியிருப்பில் வெள்ளம் வந்தபோதா, 1983-இல் இந்தியர்களுக்கான வானொலி ரேடியோ லோட்டஸ் தொடங்கிய பிறகா என்று கேளுங்கள். கலவரத்தைப் பற்றிக் கேட்கும்போது அவர்கள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினால் அவர்கள் போக்கிலேயே விடுங்கள். மொழியைத் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். பதிவுக்கும் வெளியீட்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். உயிரோடு இருப்பவரின் விவரங்களுக்குத் தனியுரிமைச் சட்டம் பொருந்தும். பகை, கடன், குடும்ப விவகாரம் பதிவில் இருந்தால் அந்தப் பகுதியை வெளியிடக் கூடாது.

பெயர்க் குழப்பம்

ஆர். கோவெந்தர், எஸ். நாயுடு, எம். பிள்ளை என்று ஒரே முதலெழுத்தில் ஐந்து பேர் கிடைப்பார்கள். ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், தம்பிக்குச் சாதிப் பெயர் குடும்பப் பெயராகவும் பள்ளிக்கூடத்தில் பதிந்திருக்கும். பெயரை மட்டும் வைத்து ஆட்களைச் சேர்க்காதீர்கள். பெயர், வாத்தியம், குடியிருந்த பகுதி மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். குழுவுக்குள் அழைத்த பட்டப்பெயரையும் குறியுங்கள், நோட்டுகளில் அதுதான் இருக்கும்.

தாள், படம், தட்டு, நாடா

படங்களை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். உள்ளங்கை அளவுள்ள சிறிய படமானால் 1200. பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஒட்டும் பசைப் பக்கமுள்ள ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். செல்லோடேப், லாமினேஷன் இரண்டும் தாளைக் கொல்லும். டர்பன் ஈரக்காற்றில் கராஜுக்குள் வைத்த தாளில் பூசணமும் வெள்ளிப் பூச்சியும் வரும். பூசணம் பிடித்த தாளைத் தனியே எடுத்து, முகமூடி போட்டு, காற்றோட்டமான நிழலில் உலர்த்திய பிறகு மென்மையான தூரிகையால் துடையுங்கள். வெயிலில் காய வைத்தால் மை வெளுத்து ஓரம் சுருளும்.

78 சுற்று அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் மேற்பரப்பு கரைந்துவிடும். வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும், நடு லேபிள் நனையக் கூடாது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் ஊசி வேண்டும். நீள்தட்டுக்கான 18-25 மைக்ரான் ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். ஒலிநாடாக்களை எடுத்த உடனே ஓட்டிப்பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் நாடா சிதைகிறது என்று அர்த்தம். ஓடும்போது கிறீச்சிட்டு, தலையில் பழுப்பாகப் பிசுக்கு ஒட்டினால் பூச்சு இளகிவிட்டது. இரண்டையும் நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளவற்றை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் மாற்றலாம். இரட்டைத் தடத்தில் ஒரு மணிக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் பிடிக்கும்.

கோப்புப் பெயர் வருடம்-மாதம்-நாள் என்று தொடங்கட்டும். தெரியாத இடத்தில் பூஜ்யம் போடுங்கள். அசலைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்த தேதியையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வராத ஒரு படத்தால் அடுத்த பத்து வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும்.

அச்சுக்கு முன்

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இசைக்கும் பாட்டுக்கும் ஆசிரியர் இறந்து 50 ஆண்டுவரை உரிமை உண்டு. ஸ்டூடியோவில் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை பொதுவாக எடுக்கச் சொன்னவருக்கே. எனவே குழுவின் பணத்தில் எடுத்த படம் குழுவினுடையது. கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவு வரியைக் கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். பாட்டு வரிகளை முழுதாக அச்சிடுவதைத் தவிருங்கள், முதல் வரி போதும்.

புத்தகத்தின் பின்பாதி முழுக்கக் கச்சேரிப் பட்டியலும் வாத்தியக்காரர் அகர வரிசையும் இருக்கட்டும். வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது தாத்தா பெயரைத்தான். தேசிய நூலகம் ஐஎஸ்பிஎன் எண் தரும். வெளியான பின் சட்ட வைப்பு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர நூலகம் அவற்றுள் ஒன்று. எண்மக் கோப்புகளை இரண்டு தனித்தனி வன்தட்டில் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்து, மூன்றாம் பிரதியை வெஸ்ட்வில் ஆவண மையம் ஏற்றுக்கொள்ளுமா என்று எழுதிக் கேளுங்கள். குழுவின் அசல் தாள்களையும் பாட்டு நோட்டுகளையும் கொடுக்கக் குடும்பம் சம்மதித்தால், எவை பொதுப் பார்வைக்கு, எவை மூடி வைக்க வேண்டியவை என்று பட்டியலிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு கொடுங்கள்.